லாவோ ட்சுவை மேற்கு வாசித்த விதம்: ஓர் எளிய அறிமுகம்

“மனச்சோர்வில் இருந்தால் நேற்றில் வாழ்கிறாய், பதற்றத்தில் இருந்தால் நாளையில் வாழ்கிறாய், நிம்மதியாக இருந்தால் இன்றில் வாழ்கிறாய்.” சூரிய உதயப் படத்தின் மேல், ‘லாவோ ட்சு’ என்ற பெயரோடு இந்த வாசகம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம் வருகிறது. லாவோ ட்சுவின் பெயரால் உலகம் அறிந்த நூல் ‘தாவோ தே ஜிங்’. மொத்தம் 81 சிறு அத்தியாயங்கள், சுமார் 5,000 சீன எழுத்துகள். ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். அதில் எங்கே தேடினாலும் இந்த வாசகம் கிடைக்காது. மனச்சோர்வு, பதற்றம் என்று மனதைக் கூறு போட்டுப் பேசுவதே நம் காலத்து உளவியலின் பழக்கம்.

யாரோ கிளப்பிவிட்டது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்தப் படத்தில் வரும் லாவோ ட்சு, அதாவது கோயிலும் பூசாரியும் அரசியலும் இல்லாமல் அலுவலக அலுப்புக்கு மருந்து சொல்லும் சாந்தமான கிழவர், திடீரென்று முளைத்தவர் அல்லர். அவரை உருவாக்க மேற்கத்திய வாசகர்களுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆயின. தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அவர் ஆங்கிலம் வழியாகவே அறிமுகமானார். அதனால் இந்தக் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது.

முதலில், கையில் இருப்பது என்ன?

கி.மு. 475 முதல் கி.மு. 221 வரையிலான காலத்தைச் சீன வரலாற்றில் ‘போரிடும் அரசுகளின் காலம்’ என்பார்கள். ஏழு பெரிய அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த காலம். மன்னர்களுக்கு ஆலோசனை சொல்ல அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கிய அறிஞர்கள் எல்லோரையும் ஒரே கேள்விதான் குடைந்தது: எப்படி வாழ்வது, எப்படி ஆள்வது? அதற்கான வழிக்குப் பெயர் தாவோ. கன்ஃபூசியஸின் சீடர்களுக்கு ஒரு தாவோ இருந்தது. அவர்களோடு மல்லுக்கு நின்ற மோ ட்சுவின் சீடர்களுக்கு வேறொரு தாவோ இருந்தது. ஆக, அந்தச் சொல் யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

இந்தக் கூட்டத்தில் இரண்டு நூல்கள் தனித்து நின்றன. ஒன்று தாவோ தே ஜிங். மற்றது ‘சுவாங் ட்சு’. மனிதர்கள் வகுத்த வழிகளுக்கெல்லாம் முந்தி, உலகம் தன்போக்கில் நடந்துகொண்டிருக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான சாரம். மற்றபடி தொனியில் இரண்டுக்கும் வெகுதூரம். முதலாவது சூத்திரம் போல் சுருக்கமாகப் பேசுகிறது. இரண்டாவது கதை சொல்கிறது, கிண்டலடிக்கிறது, தன்னையே கேலி செய்துகொள்கிறது.

யார் எழுதினார்கள்? கி.மு. 100 வாக்கில் சீமா சியென் என்ற வரலாற்றாசிரியர் லாவோ ட்சுவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். சோ அரசின் ஆவணக் காப்பாளராக இருந்தவர், நாடு சரிவதைக் கண்டு மேற்கே கிளம்பினார், எல்லைக் கணவாயின் காவலர் கேட்டுக்கொண்டதால் நூலை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தார் என்பது கதை. ஆனால் அதே குறிப்பில், ‘இன்னாராகவும் இருக்கலாம்’ என்று வேறு இருவரையும் சீமா சியெனே கைகாட்டுகிறார். அவருக்கே உறுதியில்லை.

பூமிக்கடியிலிருந்து கிடைத்த சான்றும் அந்தச் சந்தேகத்தைத்தான் வலுப்படுத்துகிறது. 1973இல் ஹூனான் மாகாணத்தின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. அவற்றில் நூலின் பின்பாதி முன்னால் இருக்கிறது. 1993இல் ஹூபெய் மாகாணத்தின் குவோதியென்னில், கி.மு. 300ஐ ஒட்டிய கல்லறையிலிருந்து மூங்கில் பட்டைகள் கிடைத்தன. இன்றைய நூலில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கான பகுதிகள் அவற்றில் உள்ளன, வரிசையோ முற்றிலும் வேறு. பல கைகள் சேர்த்து, காலப்போக்கில் திரண்ட நூல் இது என்பதே இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து.

சுவாங் ட்சு நூலுக்கு இன்று 33 அத்தியாயங்கள். கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் தொகுத்த வடிவம் இது. முதல் ஏழு அத்தியாயங்களை கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சுவாங் சோ (இவரைத்தான் சுவாங் ட்சு என்பார்கள்) எழுதியிருக்கலாம் என்பது வழக்கமான எண்ணம். மற்றவை அவர் வழி வந்தவர்களுடையவை.

சுருக்கமாகச் சொன்னால், ‘தாவோயிசத்தை நிறுவினார் லாவோ ட்சு’ என்று ஒற்றை வரியில் சொல்ல முடியாது. இந்த இரண்டு நூல்களையும் சேர்த்து ஒரு மரபாகப் பேசும் வழக்கமே பின்னால் வந்தது. தாவோ மரபினர் என்ற பெயரை முதலில் பட்டியலில் சேர்த்தவர், சீமா சியெனின் தந்தையான ‘சீமா தான்’ என்பவர். அதற்கு முன்பு யாரும் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாதிரியார்கள் கண்ட தாவோ

மேற்கின் முதல் வாசகர்கள் இயேசு சபைத் துறவிகள். மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவ் வந்து சேர்ந்தார். 1601இல் பெய்ஜிங்கில் குடியேறி, 1610இல் அங்கேயே இறந்தார். சீன அறிஞர்களைப் போல உடுத்தி, அவர்களின் நூல்களைக் கற்று, கன்ஃபூசியஸின் போதனையும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகும் என்று வாதிட்டார். பௌத்தத்தையும் தாவோயிசத்தையும் மூடநம்பிக்கை, சிலை வணக்கம் என்று ஒதுக்கினார்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? அவர் யாரோடு பழகினார் என்று பார்த்தால் புரிந்துவிடும். ரிச்சியின் நண்பர்கள் கன்ஃபூசிய நூல்களைக் கரைத்துக் குடித்துத் தேர்வு எழுதி அதிகாரிகள் ஆனவர்கள். தெருக்கோடியில் தாயத்து எழுதித் தந்து பேய் விரட்டும் தாவோ பூசாரியை அவர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை ரிச்சி அப்படியே எடுத்துக்கொண்டார். மேற்கின் முதல் தப்பெண்ணம் சீன மேட்டுக்குடியிடமிருந்து வாங்கிய கடன்.

அடுத்தடுத்த தலைமுறைத் துறவிகளில் சிலர் நேரெதிர்த் திசையில் ஓடினார்கள். சீனத்தின் பழைய நூல்களில் கிறிஸ்தவ உண்மைகள் ஒளிந்திருக்கின்றன என்று தேடினார்கள். தாவோ தே ஜிங்கின் 14ஆம் அத்தியாயம் அவர்களுக்கு அல்வா மாதிரி கிடைத்தது. பார்த்தும் காணாதது ‘யி’, கேட்டும் கேளாதது ‘சி’, தொட்டும் பிடிபடாதது ‘வெய்’, மூன்றும் கலந்து ஒன்றாகிறது என்கிறது அது. மூன்று, ஒன்று என்றவுடன் பரிசுத்தத் திரித்துவம் என்று முடிவுகட்டினார்கள்.

பாரிசில் சீன மொழிக்கு முதல் பேராசிரியராக இருந்த ஆபெல் ரெமுசா 1823இல் இன்னும் ஒரு படி மேலே போனார். யி, சி, வெய் என்ற மூன்று ஒலிகளையும் சேர்த்தால் எபிரேயர்களின் இறைப்பெயரான யாவே வருகிறது, ஆகவே லாவோ ட்சு மேற்கே வந்து அதைக் கற்றிருக்க வேண்டும் என்றார். அவருடைய மாணவர் ஸ்தானிஸ்லாஸ் ஜூலியென் 1842இல் முழு நூலையும் பிரெஞ்சில் கொண்டுவந்தபோது இந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த மூன்றும் சாதாரணச் சீனச் சொற்களே, அவற்றில் எபிரேயம் எதுவும் இல்லை என்று காட்டினார்.

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் லாவோ ட்சுவின் இன்னொரு பெயரான ‘போ யாங்’கைப் பிடித்துக்கொண்டு ‘லாவோ ட்சுதான் நம்ம போகர்’ என்று இணையத்தில் அடித்துப் பேசுகிறவர்களின் முறையும் இதுவேதான்: பெயர் காதில் ஒத்து ஒலித்தால் ஆள் ஒன்று. சீனர்களும் சும்மா இருக்கவில்லை. மேற்கே போன லாவோ ட்சு இந்தியாவுக்கு வந்து புத்தரானார் என்று பௌத்தர்களை மட்டம் தட்ட ஒரு நூலே எழுதி வைத்தார்கள்.

‘தூய தத்துவம்’ பிறந்த கதை

19ஆம் நூற்றாண்டில் ஆட்டம் மாறுகிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஜேம்ஸ் லெக் ஸ்காட்லாந்துக்காரர், புராட்டஸ்டன்ட் மிஷனரி. ஹாங்காங்கில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1876இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் சீன மொழிப் பேராசிரியர் ஆனார். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசையில், 39, 40ஆம் தொகுதிகளாக அவருடைய தாவோ மொழிபெயர்ப்புகள் 1891இல் வந்தன. உழைப்பில் குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் அவர் தலைமுறை புராட்டஸ்டன்ட் அறிஞர்களின் மனதில் ஒரு கதை அச்சு இருந்தது. ஆதியில் ஒரு குரு, தூய வாக்கு, ஒரு நூல். பிறகு பூசாரிகள், சடங்குகள், படையல், பணம், சீரழிவு. கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி அவர்கள் சொல்லி வந்த கதைதான் இது. அதே அச்சில் தாவோயிசத்தையும் வார்த்தார்கள். லாவோ ட்சுவும் சுவாங் ட்சுவும் ‘தத்துவத் தாவோயிசம்’ ஆனார்கள். கோயில், பூசாரி, தெய்வங்கள், தாயத்து, சாகாவரம் தேடும் பயிற்சிகள் எல்லாம் ‘மதத் தாவோயிசம்’ என்ற குப்பைக்கூடைக்குப் போயின.

இதில் என்ன கோளாறு என்று கேட்கலாம். ஒருவர் தேவாரத்தை மட்டும் நல்ல மொழிபெயர்ப்பில் படிக்கிறார் என்று வையுங்கள். பாடல் அவரை உருக்கிவிடுகிறது. பிறகு அவர் சொல்கிறார்: உண்மையான சைவம் இந்தப் புத்தகம்தான், ஓதுவார், அபிஷேகம், தேர், திருவிழா, திருநீறு எல்லாம் பாமரர்கள் பின்னால் ஒட்டவைத்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். பதிகங்கள் பாடப்பட்டதே கோயில்களின் முன்னால்தானே? மேற்கு லாவோ ட்சுவைப் பிரித்தெடுத்தது கிட்டத்தட்ட இப்படித்தான். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக்கூடியது தத்துவம், மற்றது கழிவு.

லெக் ஆக்ஸ்ஃபோர்டில் சீனம் கற்பித்துக்கொண்டிருந்த அதே 1880களில்தான் ஜி.யூ. போப் அங்கே தமிழ் கற்பிக்க வந்து சேர்ந்தார். 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில், வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். பிடித்த நூலைத் தன் வீட்டு நூலாக்கிக்கொள்ளும் ஆசை ஆக்ஸ்ஃபோர்டில் அப்போது சீனத்தோடு நிற்கவில்லை.

பழியை முழுக்க மேற்கின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பூசாரிகளை இளக்காரமாகப் பார்த்த சீன அதிகாரிகளைப் பற்றி மேலே சொன்னேன். 20ஆம் நூற்றாண்டில் நாட்டை நவீனமாக்கத் துடித்த சீன அறிஞர்களும் இந்தப் பிரிவினையை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கோயில்களை வைத்துக்கொள்ளலாம், எவற்றை ஒழிக்கலாம் என்று 1928இல் தேசியவாத அரசு விதிமுறையே வெளியிட்டது. 1948இல் ஃபெங் யூலான் ஆங்கிலத்தில் எழுதிய சீனத் தத்துவ வரலாறு, தத்துவம் இயற்கையோடு போகச் சொல்கிறது, மதம் இயற்கைக்கு எதிராகப் போகச் சொல்கிறது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது. அதைப் படித்த மேற்கு மாணவருக்குச் சீனரே சாட்சி சொன்ன திருப்தி.

கோயில் பக்கம் என்ன நடந்தது?

கி.பி. 142இல், இன்றைய சிச்சுவான் பகுதியில், சாங் தாவோலிங் என்பவருக்குத் தெய்வமாகிவிட்ட லாவோ ட்சு காட்சி தந்தார் என்பது மரபு. அங்கிருந்து ‘வானக ஆசான்கள்’ என்ற இயக்கம் கிளம்பியது. அவர்கள் தாவோ தே ஜிங்கை ஓதினார்கள், அதற்கு உரையும் எழுதினார்கள். பூசாரிகள் நூலை மறந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

1445இல் அச்சான தாவோ திருமுறைத் தொகுப்பில் ஏறக்குறைய 1,500 நூல்கள் உண்டு. மேற்கத்திய வாசகர் அதில் அறிந்தது இரண்டு மூன்றுதான். 1923க்கும் 1926க்கும் இடையில் ஷாங்ஹாயில் அது மறுபதிப்பான பிறகே வெளி ஆய்வாளர்கள் கைக்கு எட்டியது. அதை ஊன்றிப் படித்த முதல் மேற்கத்தியர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மஸ்பெரோ. 1945இல் புஹன்வால்ட் நாஜி முகாமில் அவர் இறந்தார், அவருடைய தாவோ கட்டுரைகள் நூலாக வந்தது 1950இல். பிறகு நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்தோஃபர் ஸ்கிப்பர் தைவானின் தைனான் நகரில் பூசாரிகளிடமே போய்க் கற்று, 1968இல் தானும் தாவோ பூசாரியாகத் தீட்சை பெற்றார். நூலகத் தாளில் பார்த்த சடங்குகள் தெருவில் உயிரோடு நடப்பதை அவர் கண்ணால் பார்த்தார். மேற்கின் தவறுகளைத் திருத்தியதில் மேற்கத்தியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. தெலுக் ஆயர் தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவிலிருந்து சில அடி நடந்தால் தியன் ஹோக் கெங் கோயில். ஊதுபத்திப் புகையும் கடல் தாய் மாசுவின் சன்னதியும் கண்முன் இருக்கும்போது, தாவோயிசம் வெறும் தத்துவம் என்று யாராவது சொன்னால் அங்கே எடுபடாது.

அதற்காக எதிர்முனைக்குத் தாவி, சுவாங் ட்சுவையும் சாகாவரம் தேடியவர் ஆக்கிவிடக் கூடாது. அந்த நூலின் 15ஆம் அத்தியாயம், நீண்ட ஆயுளுக்காக மூச்சை ஊதி இழுத்து, கரடி போலத் தொங்கி, பறவை போலக் கழுத்தை நீட்டிப் பயிற்சி செய்பவர்களைச் சற்று ஏளனமாகவே பார்க்கிறது. அதே நூலின் 6ஆம் அத்தியாயமோ, உண்மையான மனிதர் குதிகாலிலிருந்து மூச்சு விடுகிறார் என்கிறது. இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தத்துவம் ஒரு பக்கம், மதம் மறு பக்கம் என்று கோடு கிழிக்கப் போனால் அது அந்த நூலின் நடுவிலேயே ஓடும்.

இதுவரை பார்த்தது: ரிச்சி தாவோயிசத்தை ஒதுக்கினார், அவருக்குப் பின் வந்தவர்கள் அதில் தங்கள் கடவுளைத் தேடினார்கள், 19ஆம் நூற்றாண்டு அதை நல்லது கெட்டது என்று இரண்டாக வெட்டியது. இனி, வெட்டியெடுத்த ‘நல்ல’ துண்டின் உள்ளே என்ன குளறுபடி நடந்தது என்று பார்ப்போம்.

வூ வெய்: யாருக்குச் சொன்ன அறிவுரை?

வூ வெய் என்றால் வலிந்து செய்யாமை. காரியத்தின் போக்குக்கு எதிராகத் திணிக்காமல் இருப்பது. இது மேற்கில் ‘அலட்டிக்கொள்ளாதே, போகிற போக்கில் போ’ என்று ஆகிவிட்டது. 1960களில் கலிஃபோர்னியாவில், கீழைத் தத்துவங்களைப் பேசிப் பரப்பிய ஆலன் வாட்ஸின் பேச்சுகளைக் கேட்ட இளைஞர்களுக்கு அது விடுதலை போல ஒலித்ததில் ஆச்சரியமில்லை.

தாவோ தே ஜிங்கில் அந்த அறிவுரை யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். 57ஆம் அத்தியாயத்தில் ஞானி பேசுகிறார்: நான் வலிந்து எதுவும் செய்வதில்லை, மக்கள் தாமாகவே திருந்துகிறார்கள். 17ஆம் அத்தியாயம், மிகச் சிறந்த ஆட்சியாளர் இருப்பதே மக்களுக்குச் சரியாகத் தெரியாது என்கிறது. 60ஆம் அத்தியாயம், பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போல என்கிறது. சும்மா சும்மா புரட்டினால் மீன் உதிர்ந்துவிடும். பேச்சு முழுக்க மன்னரோடு. வரி, கட்டாய உழைப்பு, புதுப்புதுச் சட்டம், ஓயாத போர் என்று குடிகளைப் புரட்டிக்கொண்டே இருந்த மன்னர்களின் காலம் அது என்பதை மறந்துவிட்டால், வூ வெய் விடுமுறை நாள் அறிவுரையாகத்தான் தெரியும்.

அரசியல் என்று புரிந்துகொண்டவர்களும் மேற்கில் இருந்தார்கள், ஆனால் தங்கள் கட்சிக்கு ஏற்ற அரசியலாக. அமெரிக்க அதிபர் ரேகன் 1988 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில் அந்த மீன் வரியை மேற்கோள் காட்டினார், அரசு தலையிடுவதைக் குறைக்க வேண்டும் என்பதற்கு ஆதரவாக. லாவோ ட்சுவை உலகின் முதல் சுதந்திரச் சந்தைவாதி என்று கொண்டாடுபவர்களும் உண்டு.

அவர்கள் 3ஆம் அத்தியாயத்தையும் படித்திருக்கலாம். மக்களின் மனதைக் காலியாக்கு, வயிற்றை நிரப்பு, அறிவும் ஆசையும் இல்லாமல் வைத்திரு என்கிறது அது. பழங்கால ஆட்சியாளர்கள் மக்களுக்கு அறிவூட்டவில்லை, பேதைகளாகவே வைத்திருந்தார்கள் என்கிறது 65. இதைத் தனிமனித சுதந்திரம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த நூலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய உரையை எழுதியவரும் சாது அல்லர். கடுமையான சட்டம், கடுமையான தண்டனை என்று போதித்த ஹான் ஃபெய் ட்சுவின் நூலில் அது இருக்கிறது. மன்னன் தன் விருப்பத்தைக் காட்டினால் அமைச்சர்கள் அதற்கேற்ப வேஷம் போடுவார்கள். அவன் அசையாமல், முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களின் நிஜ முகம் வெளிவந்துவிடும். வூ வெய் அவர் கையில் அதிகாரத் தந்திரமாகிறது. லாவோ ட்சுவின் நோக்கம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசிப்புக்கும் நூலில் இடம் இருக்கிறது, வாட்ஸ்அப் கிழவருக்கு இருக்கும் இடத்தைவிட அதிகமாகவே.

மாடு அறுத்த திங்

சுவாங் ட்சுவிடம் போனால் கதை மாறும். அங்கே மன்னருக்கு அறிவுரை குறைவு, கைத்தொழில்காரர்கள் அதிகம். 3ஆம் அத்தியாயத்தின் சமையல்காரர் திங்கை மேற்கில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

வென்ஹூய் கோமான் முன்னால் திங் மாடு அறுக்கிறார். கை படும் இடம், தோள் சாயும் இடம், முழங்கால் ஊன்றும் இடம் எல்லாம் தாளத்தோடு இருக்கின்றன. கத்தி சரக் சரக்கென்று நடனம் போல ஓடுகிறது. எப்படி இவ்வளவு திறமை என்று கோமான் கேட்க, திங் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறார். ஆரம்பத்தில் மாடு மாடாகத்தான் தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து முழு மாடு கண்ணில் படுவது நின்றுவிட்டது. இப்போது மூட்டுக்கு மூட்டு இருக்கும் இடைவெளியில் கத்தியை விடுகிறேன். சுமாரான ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், எலும்பில் கொத்துவதால். நல்ல ஆள் ஆண்டுக்கு ஒன்று. என் கத்திக்கு 19 ஆண்டு, ஆயிரக்கணக்கில் மாடுகள், இன்னும் சாணைக்கல்லிலிருந்து எடுத்தது போலவே இருக்கிறது.

வழக்கமாக மேற்கோள் இங்கே முடிந்துவிடும், கீழே ‘ஓட்டத்தோடு ஓடு’ என்று நீதியும் ஒட்டிக்கொள்ளும். திங் இன்னும் பேசி முடிக்கவில்லை. சிக்கலான முடிச்சு வரும்போதெல்லாம், இது கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது, உஷாராகிறேன், பார்வையைக் குவிக்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன், கத்தியை இம்மி இம்மியாக நகர்த்துகிறேன் என்கிறார். சட்டென்று இறைச்சி பிரிந்து மண்கட்டி போல விழுகிறது. கத்தியோடு நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, திருப்தியோடு துடைத்து உறையில் போடுகிறார். ஆண்டுக்கணக்கான பழக்கம், அதன் உச்சத்திலும் பயந்து நிதானிக்கும் ஒரு நொடி, இரண்டையும் தூக்கிவிட்டால் கதையில் மிஞ்சுவது இறைச்சிதான்.

சுவாங் ட்சு பகுத்தறிவுக்கு விரோதி என்ற பெயரும் மேற்கில் உண்டு. தர்க்கத்தில் சலித்துப்போன மேற்கத்தியர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. நூலில் அவருடைய நெருங்கிய நண்பர் யார் தெரியுமா? ஹூய் ஷி, ஊரறிந்த தர்க்கவாதி. மீன்களின் மகிழ்ச்சி உனக்கு எப்படித் தெரியும் என்று பாலத்தின் மேல் நின்று சுவாங் ட்சுவை மடக்கப் பார்ப்பவர். அவர் இறந்த பிறகு கல்லறையைக் கடக்கும்போது சுவாங் ட்சு ஒரு கதை சொல்கிறார். யிங் ஊர்க்காரன் மூக்கு நுனியில் ஈயின் சிறகளவு சுண்ணாம்பு ஒட்டினால், ஷி என்ற தச்சன் கோடரியைச் சுழற்றி மூக்கில் படாமல் அதைச் செதுக்கி எடுத்துவிடுவானாம். ஒரு மன்னர் அவனைக் கூப்பிட்டு, எங்கே, எனக்கும் செய்து காட்டு என்றாராம். முன்பு முடிந்தது, ஆனால் அசையாமல் நின்று கொடுத்த ஆள் செத்துப்போய் நாளாகிவிட்டது என்றானாம். ஹூய் ஷி போன பிறகு எனக்கும் பேச ஆள் இல்லை என்று முடிக்கிறார். வாதம் வேண்டாம் என்பவரின் துக்கமா இது?

பட்டாம்பூச்சிக் கனவைப் பற்றி இரண்டே வரி. ‘நான் பட்டாம்பூச்சியைக் கனவு கண்டேனா, பட்டாம்பூச்சி என்னைக் கனவு காண்கிறதா’ என்பதை, எல்லாமே மாயையோ என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் பட்ட சந்தேகத்தோடு மேற்கில் முடிச்சுப் போடுவார்கள். மூலத்தின் கடைசி வரி, சுவாங் சோவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் வேறுபாடு இருந்தே தீரும், பொருள்கள் உருமாறுவது என்பது இதுதான் என்கிறது. கவலை உண்மையா பொய்யா என்பதில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது.

சீனம் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள்

ஆங்கிலத்தில் மட்டும் தாவோ தே ஜிங்குக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மொழிபெயர்ப்புகள். அவற்றில் சில சீன மொழி தெரியாதவர்கள் செய்தவை. முந்தைய மொழிபெயர்ப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு புது வடிவம் எழுதுவது இந்த முறை. 1988இல் வந்த ஸ்டீபன் மிட்செலின் வடிவம் இதில் பெரும் விற்பனை கண்டது. அவருடைய 46ஆம் அத்தியாயத்தில், நாடு தாவோவோடு இசைந்திருந்தால் தொழிற்சாலைகள் லாரியும் டிராக்டரும் செய்யும், இல்லையென்றால் ஊருக்கு வெளியே அணுகுண்டு முனைகள் குவியும். கி.மு. 300இல் டிராக்டர் ஏது? மூலத்தில் இருப்பது குதிரை. நாடு நன்றாக இருந்தால் வேகமான குதிரைகள் வயலுக்கு எரு போடும். கெட்டுப்போனால் போர்க்குதிரைகள் எல்லையிலேயே குட்டி போடும்.

பனிப்போர்க் காலத்து அமெரிக்கருக்கு இது சட்டென்று உறைக்கும் என்பது சரிதான். ஆனால் படிப்பவர் கையில் இருப்பது 2,300 ஆண்டுப் பழைய குரல் என்று நம்புகிறார், அவர் கேட்பதோ தன் பக்கத்து வீட்டுக்காரரின் குரல். நவீன இயற்பியலை லாவோ ட்சு முன்பே சொல்லிவிட்டார் என்று 1975இல் ஃபிரிட்ஜோஃப் காப்ரா கிளப்பிய அலையும் இந்த ரகம்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

அப்படியானால் எல்லாம் வீணா?

இல்லை. எனக்கு இதில் ஒரு அளவுகோல் உண்டு: இது என் கவிதை என்று சொல்லிக்கொண்டு செய்தால் தப்பில்லை, இது லாவோ ட்சு சொன்னது என்று செய்தால்தான் வம்பு.

ஹிட்லரிடமிருந்து தப்பி டென்மார்க்கில் இருந்த ஜெர்மானியக் கவிஞர் பெர்டோல்ட் பிரெக்ட் 1938இல் ஒரு கவிதை எழுதினார். நாட்டில் தீமை ஓங்கியதால் எருதின் மேல் ஏறிக் கிளம்பும் லாவோ ட்சுவைச் சுங்கக் காவலர் ஒருவர் நிறுத்துகிறார். கூட வரும் பையன் சொல்கிறான், இவர் கண்டுபிடித்தது, மெல்லிய நீர் நாளடைவில் வலிய கல்லை வெல்லும் என்பது. ஏழைக் காவலருக்கு ஆர்வம் தொற்றிக்கொள்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார். போர் தொடங்கியபோது பிரான்சின் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்த ஜெர்மானிய அகதிகளிடையே இந்தக் கவிதை கைக்குக் கை, வாய்க்கு வாய் பரவியது. நீர் பற்றிய 78ஆம் அத்தியாயத்தை பிரெக்ட் தன் தேவைக்குத்தான் வளைத்தார், ஆனால் ஒளித்துச் செய்யவில்லை. ஆஸ்கர் வைல்ட் 1890இல் சுவாங் ட்சுவின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மதிப்புரை எழுதும் சாக்கில், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று அலையும் விக்டோரியா காலத்து கனவான்களை வாரினாரே, அதுவும் அப்படித்தான்.

படிக்கத் தொடங்குபவருக்கு

சுவாங் ட்சுவில் தொடங்குங்கள் என்பேன். லாவோ ட்சுவின் சுருக்கமான வரிகளுக்குள் யார் வேண்டுமானாலும் தன் கருத்தை நுழைத்துவிடலாம். கதைகளில் அவ்வளவு எளிதாக நுழைக்க முடியாது, திங்கின் கத்தி இடிக்கும். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு பர்ட்டன் வாட்சனின் 1968 மொழிபெயர்ப்பு சரளமானது. தாவோ தே ஜிங்குக்கு டி.சி. லாவ் 1963இல் செய்தது பளபளப்பு இல்லாமல் நேராகப் பேசும்.

கடையில் வேறு பதிப்பு கண்ணில் பட்டால், வாங்கும் முன் இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். 5ஆம் அத்தியாயத்தில் ‘வானுக்கும் பூமிக்கும் இரக்கம் இல்லை, எல்லா உயிர்களையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன’ என்று வர வேண்டும். வைக்கோல் நாய் என்பது சடங்கு முடிந்ததும் தூக்கி எறியும் பொம்மை. அந்த இரக்கமின்மையை மழுப்பி அன்பாக மாற்றியிருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அப்புறம் 46. அங்கே குதிரையும் எருவும் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வரலாம்.